ஆட்டம் முடியட்டும், பேசலாம்

தோற்ற பிறகுதான் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்.

ஜெயித்தவர் எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டிருப்பார். கீழே காப்பிக்கு யார் வருகிறார்கள் என்று கண்ணால் துழாவுவார். இவரோ சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, முழங்கைகள் இரண்டையும் மேசைமேல் ஊன்றி, வேலை இனிமேல்தான் தொடங்கப்போகிறது என்பதுபோல் நிமிர்ந்து பார்ப்பார். "எங்க போறீங்க? உக்காருங்க. இது எங்க செத்துச்சுன்னு பாக்க வேண்டாமா?"

ஜெயித்தவர் உட்கார்ந்தாக வேண்டும். இவர் குரல் அப்படி. பத்துப் படுக்கைகளைத் தாண்டிப் போய் ஒரு நோயாளியை மாத்திரை விழுங்கவைத்துப் பழகிய குரல்.

மைசூரில் தேவராஜ மொஹல்லாவில் ஊதுபத்திக் கடை ஒன்றின் மேல்மாடியில் ஓர் அறை. சனிக்கிழமை மதியங்களில் அங்கே சதுரங்கம் ஆடக் கூடுகிற ஒரு சிறு கூட்டம். அதில் அவர் ஒருவர்தான் பெண். ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை வார்டுக்குத் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். தேவாலயத்தில் ஞானஸ்நானம் கொடுத்து ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஊருக்கே அவர் சிஸ்டர். எங்களுக்கும்.

வேலை மாற்றலில் மைசூருக்கு வந்த புதிதில், ஊரும் பிடிபடாமல் மொழியும் பிடிபடாமல் கடைத்தெருவில் சுற்றிக்கொண்டிருந்தபோது, சந்தன வாசனையும் கொத்தமல்லி வாசனையும் கலந்து ஏறும் அந்தப் படிகளில் ஒருநாள் நான் ஏறிவிட்டேன். மேலே அத்தனை பேர் இருந்தும் ஒரு சத்தமில்லை. கடிகாரங்களின் டிக்டிக் மட்டும். கூலிக்காரர்கள் கீழே "தாரி பிடி, தாரி பிடி" என்று வழிவிடச் சொல்லிக் கத்துவது வேறேதோ நாட்டிலிருந்து வருவதுபோல் கேட்டது.

*

அவர் தாக்குதல்காரர். தற்காப்பு ஆட்டம் அவருக்கு வராது, வேண்டவும் வேண்டாம். காய்களை ஒவ்வொன்றாக எதிராளியின் ராஜா இருக்கும் பக்கம் திருப்புவார். அப்போது அவர் மூக்கு நுனியில் வியர்க்கும். வேடிக்கை பார்க்கிற நாங்கள் அந்த வியர்வையைப் பார்த்துத்தான் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டு கிட்டே போவோம்.

அவர் ஆடியதில் எனக்கு இன்றும் கண்ணில் நிற்பது, பத்திரக்காரரோடு ஆடிய ஓர் ஆட்டம். பத்திரக்காரர் கொள்ளேகால் பக்கத்து ஆள். மைசூரில் சார்பதிவாளர் அலுவலகத்து வாசலில் பல காலம் பத்திரம் எழுதியவர். தாழ்ந்த குரல், வெற்றிலைச் சிவப்பு, எல்லா வாக்கியத்தின் வாலிலும் ஒரு 'ங்'. ஆட்டத்திலும் அப்படித்தான். பணிவாகப் பின்வாங்கிக்கொண்டே இருப்பார்.

சிஸ்டர் ஒட்டகத்தை வெட்டக் கொடுத்தார். எங்கள் அறையில் மந்திரிக்கு ஒட்டகம் என்றுதான் பெயர்; கன்னடக்காரர்கள் சொல்வது, தமிழர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. பத்திரக்காரரின் ராஜா ஒட்டகத்தை வெட்டிவிட்டு, காவல் கலைந்து வெளியே வந்து நின்றது. குதிரை பாய்ந்தது. ராணி குறுக்கே இறங்கினாள். அறை மூச்சைப் பிடித்துக்கொண்டது. இன்னும் ஓர் அடி, இன்னும் ஒரே ஒரு காய் வந்து சேர்ந்தால் போதும்.

வரவில்லை. ஜூன் மாதத்தில் சாமுண்டி மலைமேல் கறுத்துத் திரண்டு, ஊர் முழுக்க மொட்டைமாடித் துணிகளை அள்ளவைத்துவிட்டு, ஒரு சொட்டும் விழாமல் கலைந்து போகுமே மேகம், அதுபோல அந்தத் தாக்குதல் கலைந்தது. பத்திரக்காரரின் ராணி சாவதானமாக நடந்து வந்து ராஜா பக்கத்தில் நின்றுகொண்டாள். அதற்குப் பிறகு சிஸ்டரிடம் ஓர் ஒட்டகம் குறைவு, அவ்வளவுதான்.

தோல்வியை ஒப்புக்கொண்டு ராஜாவைப் படுக்கவைத்தார் சிஸ்டர். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ராணிய இங்க வெக்காம ஒரு கட்டம் தள்ளி வெச்சிருந்தா?"

"அப்ப நானு குதிரைய இப்புடி இழுத்துப் போடுவனுங் சிஸ்டர்."

"அதுக்கு நான் இந்தச் சிப்பாயை வெட்டினா?"

"வெட்டுங்க. வெட்டீட்டு?"

வெட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. திரும்ப வைத்தார். வேறொன்று. அதுவும் இல்லை. ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர், மைசூர்க் கன்னடக்காரர், தமிழை நன்றாகப் பேசுவார், கைபேசியை நீட்டினார். "சிஸ்டர், இதுல போடுங்க. கம்ப்யூட்டர் ஒரே நொடியில சொல்லிடும்."

"எந்த இடம்னு சொல்லும் சார். ஏன்னு சொல்லுமா?"

"அது எதுக்கு?"

"மூச்சு நின்னதால செத்துட்டார்னு எந்த டாக்டராவது எழுதினா ஒத்துப்பீங்களா? எல்லாருக்கும் கடைசியில மூச்சுதான் நிக்குது."

பின்னால் போனார். இன்னும் பின்னால். ஒட்டகத்தைக் கொடுத்ததற்கும் முன்னால், எல்லாமே நன்றாக இருந்ததாக நாங்கள் நினைத்த இடத்துக்கு. மூலையில் அவருடைய யானை, ஆட்டம் தொடங்கியபோது வைத்த அதே கட்டத்தில், நகராமல் நின்றுகொண்டிருந்தது. அதன்மேல் விரலை வைத்தார்.

"இது என்ன பண்ணிட்டிருந்தது?"

"தூங்கிக்கிட்டிருந்துச்சுங்க" என்றார் பத்திரக்காரர், சிரிக்காமல்.

"அது தூங்கல அண்ணா. நான் எழுப்பல."

அந்த யானைக்கு முதலில் வழி திறந்துவிட்டு, அதன் பிறகு ஒட்டகத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பத்திரக்காரரின் ராஜா தப்பவில்லை. எப்படிப் போனாலும் தப்பவில்லை. சிஸ்டர் பின்னால் சாய்ந்தார். தோற்றவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "ஆயித்து. இன்னிக்கு தூக்கம் வரும்" என்றார்.

*

ஆறுதல் சொன்னால் பிடிக்காது. 'பேட் லக் சிஸ்டர்' என்று யாராவது சொன்னால் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை. ஒருமுறை நான் மோசமாகத் தோற்றுவிட்டுத் தலைவலி என்று சொன்னேன். "எந்தப் பக்கம்?" என்றார். யோசித்து, இடது பக்கம் என்றேன். "யோசிச்சு சொல்ற வலியெல்லாம் வலியில்ல தம்பி. காயை அடுக்குங்க."

இதில் சிரிக்க முடிந்தது. சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. வங்கிக்காரரின் தம்பி நெஞ்சுவலியில் இறந்து போனார். காலையில் தொடங்கிய வலி, வாய்வு என்று நினைத்து, சாயங்காலம்தான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். துக்கம் முடிந்து முதல்முறை அறைக்கு வந்த அன்று, ஆட்டத்துக்கு நடுவில் இல்லை, ஆட்டத்துக்கு முன்னால், வங்கிக்காரர் அவரிடம் கேட்டுவிட்டார். "காலையிலேயே கொண்டு போயிருந்தா பிழைச்சிருப்பானா சிஸ்டர்?" நாங்கள் எல்லோரும் ஒரே குரலில், அதெல்லாம் இல்லை சார், விதி சார், என்று தொடங்கினோம். சிஸ்டர் எங்கள் குரல்கள் அடங்கும்வரை காத்திருந்தார்.

"பிழைச்சிருப்பார்" என்றார். "அனேகமா."

வங்கிக்காரர் எழுந்து படியிறங்கிப் போனார். மாதக்கணக்கில் வரவில்லை. அவரை ஏன் அப்படி அடித்தீர்கள் என்று நான் கேட்டபோது சிஸ்டருக்குக் கோபம் வரவில்லை. கேள்வியே புரியவில்லை. "கேட்டார், சொன்னேன். வேற என்ன சொல்லணும்? அவர் வீட்ல இன்னொருத்தருக்கு நெஞ்சு வலிக்கும்ல ஒருநாள்?"

எனக்கு அன்று அவர்மேல் ஒரு பயம் வந்து ஒட்டிக்கொண்டது. கத்தியைத் துடைத்து வைத்திருப்பதுபோல் உண்மையைத் துடைத்து வைத்திருக்கிற ஆள். வங்கிக்காரர் பிறகு தானாகவே திரும்பி வந்தார். சிஸ்டரிடம் கறுப்புக் காய்களை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

*

அறையின் ஒரே சட்டத்தையும் அவர்தான் காவல் காத்தார். வேடிக்கை பார்ப்பவன் வாயைத் திறக்கக்கூடாது. கை தலை கண் எதுவும் பேசக்கூடாது. "உள்ள ஆப்பரேஷன் நடக்கிறப்ப ஜன்னல் வழியா யோசனை சொல்வீங்களா? எல்லாம் முடிஞ்சப்புறம் எவ்வளவு வேணா பேசுங்க. அப்ப பேசாம போனாதான் தப்பு."

முடிந்த பிறகு பேசுவதற்காகவே சிலர் வந்தார்கள் என்று நினைக்கிறேன். ஆட்டம் நடக்கும்வரை நெஞ்சுக்குள் அடைத்து வைத்ததெல்லாம், கடைசிக் காய் விழுந்ததும் மடை உடைத்துக்கொண்டு வரும். 'நான் அப்பவே பார்த்தேன்' என்பதுதான் எங்கள் அறையில் அதிகம் கேட்ட வாக்கியம்.

பத்திரக்காரர் ஒருதரம் மாட்டிக்கொண்டார். நானும் வங்கிக்காரரும் ஆடிக்கொண்டிருந்தோம். நான் ஏதோ ஒரு காயைத் தொட்டேன். பின்னாலிருந்து "ச்சு" என்று ஒரு சத்தம், பல்லிபோல. நான் கையை எடுத்துவிட்டேன்.

சிஸ்டர் கடிகாரத்தை நிறுத்தினார். "யாரு?"

"நானுங்க. என்னையறியாம வந்துருச்சுங்."

"வெளிய உக்காருங்க அண்ணா."

"படியிலயாங்க?"

"படியிலதான்."

அறுபது தாண்டிய மனிதர், வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, ஊதுபத்திக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்க்க, படியில் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் கீழிருந்து, "ஏனு சுவாமி, பள்ளிக்கூடத்துல மறுபடி சேந்துட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அதற்கப்புறம் ஆட்டம் நடக்கும்போது பத்திரக்காரர் இருமுவதற்குக்கூட வெளியே போய்விட்டு வருவார்.

*

கடைக்காரர் குடும்பத்துக்குச் சொந்தமான கட்டடம் அது. மாடியை ஒரு கைபேசி நிறுவனம் சரக்கு வைக்கக் கேட்கிறது, தசரா கழிந்ததும் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று அவர் ஒரு சனிக்கிழமை மேலே வந்து, வாசற்படியில் நின்றபடியே சொன்னார். சொல்லிவிட்டு உடனே இறங்கிப் போனார்.

எங்களுக்கு வருத்தம். சிஸ்டருக்கு வேறு ஏதோ. ஓய்வு பெற்ற பிறகு ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தவர். அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார்: "வெள்ளிக்கிழமை வரைக்கும் என் குரல் எப்படியிருக்கும்னு எனக்கே மறந்துடும் தம்பி. இந்தப் படியேறினாதான் தொண்டை திறக்குது." அந்த அறை போனால் இந்தக் கூட்டம் சிதறும் என்று அவருக்குத் தெரியும். சிதறினால் திரும்பச் சேராது என்பதும் தெரியும்.

"விடமாட்டேன்" என்றார். அப்போதே மூக்கு நுனியில் வியர்த்திருந்தது.

கடைக்காரரின் குடல் அறுவைக்கு அவர்தான் நர்ஸ். அந்த மனிதர் அவரை அம்மா என்று கூப்பிடுவார். அங்கே தொடங்கினார். வீட்டுக்குப் போனார். கேக் வாங்கிக்கொண்டு போனார். கடைக்காரரின் மனைவிக்கு முழங்காலுக்கு ஒத்தடம் எப்படிக் கொடுப்பது என்று காட்டினார். மருமகளைப் பிடித்தார். முரண்டு பிடித்த மகனை, அவன் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும்போது கூடவே போய்ப் பாதி கரைத்தார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்களுக்கு நிலவரம் சொல்வார். சும்மா சொல்லமாட்டார். பலகையில் காய்களை வைத்துத்தான் சொல்வார். கடைக்காரர் ராஜா. மனைவி ராணி, இப்போது நம் பக்கம். மகன் குதிரை, எங்கே பாய்வான் என்று தெரியாது. "பாருங்க, மருமகள் இங்க வந்தாச்சு. இந்த வாரம் ராஜாவுக்குப் போக ஒரே ஒரு கட்டம்தான்." நாங்கள் தலைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்போம். வெகுநாள் கழித்து நல்ல ஆட்டம் ஒன்று பார்க்கக் கிடைத்த திருப்தி எங்கள் எல்லோர் முகத்திலும் இருந்தது. இன்று நினைத்தால் அதுதான் விசித்திரம். எங்கள் அறை போகப்போகிறது. நாங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்படி ஒரு சனிக்கிழமை பத்திரக்காரர் தொண்டையைச் செருமினார். "ஏனுங் சிஸ்டர், இந்தக் கட்டடத்துல ஒரு சங்கதி..."

சிஸ்டர் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடது கையை மட்டும் உயர்த்தினார், உள்ளங்கை பத்திரக்காரர் பக்கம் தெரிய.

"ஆட்டம் நடக்குது அண்ணா. முடியட்டும், பேசலாம்."

எல்லோரும் சிரித்தோம். பத்திரக்காரரும் சிரித்தார். சிரித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டார்.

தீபாவளிக்கு முன்னால் கடைக்காரர் ஒத்துக்கொண்டார். "நீங்க இருங்கம்மா. யாரும் உங்களத் தொட மாட்டாங்க" என்று சிஸ்டரின் கையைப் பிடித்துச் சொன்னாராம். அன்று எங்களுக்கெல்லாம் மைசூர்பாகு. தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமை படியேறினோம். கதவில் புதுப் பூட்டு. பலகைகளும் கடிகாரங்களும் மடக்கு நாற்காலிகளும் படியோரமாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அடுக்கியது நல்ல கை. ஒரு காய்கூடச் சிந்தவில்லை.

கடைக்காரர் கீழே ஊதுபத்திக் கட்டுகளுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டார். "வீட்ல முடிவாயிடுச்சும்மா. என்னால ஆகல." அவ்வளவுதான் வந்தது அவரிடமிருந்து.

*

கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றுண்டிக் கடையில், மதியச் சாப்பாடு முடிந்து சாயங்காலக் கூட்டம் வரும்வரை மாடியில் உட்காரவிட்டார்கள். சாம்பார் வாசனைக்கு நடுவே சிஸ்டர் பலகையை விரித்தார். ராஜா, ராணி, குதிரை என்று அந்த வீட்டை மறுபடி வைத்தார். எங்களைப் பார்த்தார்.

"முடிஞ்சுபோச்சு. இப்ப பேசுங்க. ஒத்துக்கிட்ட மனுஷன் எப்படி மாறினார்? எங்க விட்டேன்?"

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மகன் ஏமாற்றிவிட்டான் என்றார் ஒருவர். எழுதி வாங்கியிருக்க வேண்டும் என்றார் வங்கிக்காரர். சிஸ்டர் ஒவ்வொன்றையும் வைத்துப் பார்த்து, இல்லை, இல்லை என்று தள்ளினார். கடைசியாகப் பத்திரக்காரர், பலகைக்கு வெளியே கிடந்த ஒரு யானையை எடுத்து, ஓரத்தில், மற்ற காய்களிலிருந்து தள்ளி வைத்தார்.

"அவரு மட்டும் ஒத்துக்கிட்டுப் பிரயோசனம் இல்லீங் சிஸ்டர். கட்டடம் பாதி அவரு தங்கச்சி பேருல கெடக்குது. நஞ்சன்கூட்டுல குடுத்த பொண்ணு. அந்தம்மா கையெழுத்துப் போட்டாத்தான் எதுவும் நடக்கும். போட்டிருக்காங்க, வேறொண்ணுமில்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்க அப்பாரு பாகம் பிரிச்சப்ப நாந்தானுங்க எழுதினேன்."

வங்கிக்காரர் வெடித்தார். "தெரிஞ்சும் சும்னே இருந்தீங்களா சுவாமி? இத்தன வாரமா? ஒரு வார்த்தை! அந்தம்மாவ யாராவது போய்ப் பாத்திருந்தா இந்த அறை நம்மகிட்ட இருக்கும்!"

சிஸ்டர் அன்று உயர்த்திய கையைப் பற்றிப் பத்திரக்காரர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சொல்லியிருக்கோணும்ங்க" என்றார். "என்ர தப்புத்தான்."

"உங்க தப்பில்ல" என்றார் சிஸ்டர். தன் இடது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் மற்றவர்கள் விடவில்லை. பேசக் கிடைத்த நேரம் அல்லவா. வாரக்கணக்கில் அடைத்து வைத்ததெல்லாம் அந்த ஒரு மனிதர்மேல் கொட்டியது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அவர் சாப்பாட்டில் சரியாகக் கை வைப்பதில்லை என்று அவர் மருமகன் கடைத்தெருவில் என்னிடம் சொன்னார். அவர் வராததால் இன்னும் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.

*

"நஞ்சன்கூடு போகணும், வரீங்களா?" என்று சிஸ்டர் என்னைக் கேட்டார்.

"எதுக்கு சிஸ்டர்? கைபேசிக்காரன் அலமாரியெல்லாம் அடிச்சுட்டானே."

"அறைக்கு இல்ல. போய்க் கேட்டிருந்தா நடந்திருக்குமா நடந்திருக்காதான்னு தெரியணும். அதத் தெரிஞ்சுக்காம எப்படி விடறது?"

பஸ்ஸில் போனோம். கோவிலுக்குப் போகிற தெருவில், ஓட்டு வீடு. கடைக்காரரின் தங்கைக்கு அண்ணனைவிட உரத்த குரல். எங்களை உட்காரவைத்து, சீப்பிலிருந்து பழம் பிய்த்துக் கையில் கொடுத்துவிட்டு, யார் எவர் என்று கேட்டார். சிஸ்டர் சொன்னார். அந்த அம்மாள் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அவர் கன்னடத்தில் சொன்னது இது:

"அண்ணன் என்கிட்ட, மாடி சும்மா பூட்டிக் கிடக்குன்னான். எலிதான் ஓடுதுன்னான். அந்த ஜன்னல்ல உக்காந்துதான் நாங்க சின்னதுல தசரா யானை பார்ப்போம். அப்பா பக்கத்துல நிப்பார். அத விக்கவோ வாடகைக்கு விடவோ எனக்கு மனசே இல்ல. சும்மா கிடக்குதுன்னா சரின்னு போட்டேன். ஆளுங்க வந்து உக்காந்து விளையாடற இடம்னு தெரிஞ்சா போட்டிருப்பேனா? ஒருத்தர்கூட வந்து ஒரு வார்த்தை சொல்லலையே!"

சிஸ்டர் பழத்தை உரிக்காமல் வைத்துக்கொண்டு கேட்டார். "ஒரு மாசம் முன்னாடி நான் வந்திருந்தா?"

"அன்னிக்கே அண்ணனுக்குச் சொல்லியிருப்பேன், முடியாதுன்னு."

திரும்பும்போது ஜன்னலோரம் அவர். கரும்பு வயல்களும் ஆலைச் சுவர்களும் மாறி மாறி ஓடின. ஊர் நெருங்கும்போதுதான் பேசினார்.

"ஜெயிக்க வேண்டிய ஆட்டம் தம்பி. ஒரே ஒரு நகர்த்தல்."

இப்போது தூக்கம் வருமா என்று கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

*

அந்தச் சனிக்கிழமை சிற்றுண்டிக் கடை மாடியில் நாங்கள் இருந்தது கொஞ்சம் பேர்தான். சிஸ்டர் நஞ்சன்கூடு போய்வந்த செய்தி எப்படியோ பரவியிருந்தது. பத்திரக்காரரும் வந்தார். மேசைக்கு வரவில்லை. கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில், சுவரோடு சுவராக, தீர்ப்பு கேட்க வந்தவர்போல் நின்றுகொண்டார். மெலிந்திருந்தார். சட்டைக் காலர் கழுத்தைத் தொடவில்லை.

"ஏனாயித்து சிஸ்டர்?" என்றார் வங்கிக்காரர். "என்ன சொன்னாங்க அந்தம்மா?"

சிஸ்டர் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். குதிரையின் முகத்தை முன்பக்கமாகத் திருப்பி வைத்தார். அதற்குள் எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஏதோ சொல்ல உதட்டைப் பிரித்தேனோ என்னவோ, மேசைக்கு அடியில் என் மணிக்கட்டை ஒரு கை இறுக்கிப் பிடித்தது.

"நடந்திருக்காது சார்" என்றார் சிஸ்டர்.

"அப்படின்னா?"

"அந்தம்மாவுக்கு அந்தக் கட்டடமே வேண்டாம். அண்ணன்மேல என்னமோ பழைய கோபம். முன்னாடியே போயிருந்தா இன்னும் சீக்கிரமா கையெழுத்துப் போட்டிருப்பாங்க. பாருங்க..." ஒரு யானையை எடுத்தார். ராஜாவுக்கு எதிரே கொண்டு வந்தார். "இத இங்க கொண்டு வந்தேன்னு வைங்க. அவர் இப்படி நகருவார். மறுபடி கொண்டு வந்தா, மகன் குறுக்க வரான். எப்படிப் போட்டாலும் இங்கதான் வந்து நிக்குது." விரல் நடுங்காமல், ஒவ்வொரு கட்டமாக, நடக்காத ஒரு தோல்வியை எங்களுக்கு ஆடிக் காட்டினார். எங்கேயும் ஓட்டை இல்லை. நான் நஞ்சன்கூடு போயிருக்காவிட்டால் நானும் நம்பியிருப்பேன்.

வங்கிக்காரர் பலகையை வெகுநேரம் பார்த்தார். "ஹௌது" என்று மெதுவாகத் தலையாட்டினார். "ஆரம்பத்திலேயே தோத்த ஆட்டம்தான்."

தொட்டிப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "நெசமாங் சிஸ்டர்?"

சிஸ்டர் திரும்பி, பத்திரக்காரரை நேராகப் பார்த்தார்.

"நெசம்தான் அண்ணா. உங்களால ஆகியிருக்கக்கூடியது ஒண்ணுமில்ல. என்னாலயும்."

பத்திரக்காரர் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டார். வேட்டி முனையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மேசைக்கு வந்து, பலகையின் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் பார்த்துவிட்டு, "அப்ப இந்த ஆட்டத்துக்கு வெள்ளை எனக்குத்தானுங்க" என்றார்.

என் மணிக்கட்டை விட்டுவிட்டுப் பலகையை அவர் பக்கம் திருப்பி வைத்தார் சிஸ்டர்.